இரண்டு ஜோடி கண்மலர்

ஆடி கடைசி வெள்ளிக்கு முந்தின இரவு. சாத்தூர் தாண்டியதும் இருக்கன்குடி ரோடு முழுக்க ஜனம். மஞ்சள் சேலையும் சிவப்புச் சேலையும், கையில் வேப்பிலையும், தலையில் மூட்டையும், தோளில் தூங்கும் பிள்ளையுமாக நடந்துகொண்டிருந்தார்கள். என் தோளில் என் பேத்தி. மூன்று வயது. அவள் மட்டும் தூங்கவில்லை. "தாத்தா, அந்தா லைட்டு... அந்தா இன்னொரு லைட்டு" என்று கையை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தாள். அவள் ஒவ்வொரு விளக்கைக் காட்டும்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாயே, நீ கொடுத்த கண்ணல்லவா அது!

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் அம்மன் கோயில். இரு கங்கைக்குடிதான் இருக்கன்குடி ஆனது என்பார்கள். சாணம் பொறுக்கப் போன பெண் கீழே வைத்த கூடையைத் தூக்க முடியாமல் நின்றதையும், அவள் மேல் அருள் இறங்கி, மணலுக்குள் இருக்கும் தன்னை எடுக்கச் சொல்லி அம்மன் கேட்டதையும் என் ஆச்சி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அம்மை போட்டாலும் கண்ணில் நோவு வந்தாலும் எங்கள் ஜில்லாவே போய் நிற்கிற வாசல் அது. குணமானவர்கள் வெள்ளித் தகட்டில் கண்மலர் வாங்கி அவள் காலடியில் சேர்ப்பார்கள். சின்ன வயதில் அந்தக் கண்களைப் பார்த்து, இத்தனை பேர் எதைத் தொலைத்துவிட்டு இங்கே வந்து கண்டுபிடித்தார்களோ என்று யோசித்திருக்கிறேன். எனக்கு அது விளங்க அறுபது வயதாக வேண்டியிருந்தது.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீஸில் போர்மேன் வேலை எனக்கு. மூன்று வருஷத்துக்கு முன், தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த புரட்டாசியில் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. இருபத்தொன்பதாவது வாரம். மதுரைக்கு ஓடினோம். பிறந்த பிள்ளையின் எடை 1,150 கிராம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவளை முதலில் பார்த்தது இன்றும் கண்ணை விட்டுப் போகவில்லை. தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. பாதம் என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அந்தப் பாதத்தைச் சுற்றி ஒரு பட்டை, பட்டைக்குள் சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம். பக்கத்துத் திரையில் எண் மாறிக்கொண்டே இருந்தது. 91, 93, 92. ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதற்கான கணக்காம்.

நர்ஸம்மா சொன்னார்: "ஐயா, இது தொண்ணூறுக்குக் கீழ போகக் கூடாது. தொண்ணூத்தஞ்சுக்கு மேலயும் போகக் கூடாது."

"காத்துத்தானே தாயி, கூடக் குடுத்தா என்ன?"

"கூடக் குடுத்தா கண்ணு போயிரும் ஐயா."

நின்ற இடத்திலேயே என் கால் வெலவெலத்தது. ஏன் தெரியுமா? எனக்கு அது புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ரசாயனத்துக்குப் பேர் மருந்து. அதில் தீக்கு மூச்சு கொடுப்பது வெடியுப்பு. அதற்குள் இருக்கிற ஆக்சிஜன்தான் கரியையும் கந்தகத்தையும் எரிய வைக்கிறது. முப்பது வருஷம் அதைத் தராசில் நிறுத்தவன் நான். அளவு சரியாக இருந்தால் புஸ்வாணம் பூ மரமாக எழும்பும். பிசகினால் பூக்காது, சில நேரம் ஆளையே கேட்கும். உயிருக்கும் அதே மூச்சு, அதே தராசு என்று அந்த நர்ஸம்மா வாயால் என் தாய் சொல்லிவிட்டாள்.

அப்புறம் டாக்டரம்மாவிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வயிற்றுப் பிள்ளையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் நான்காவது மாதத்தில்தான் கிளம்புகின்றன. கண்ணின் பின்புறம் நடுவில் தொடங்கி, கோலத்தை ஓரம் நோக்கி இழுப்பதுபோல மெள்ள மெள்ளப் படர்ந்து, ஓரத்தைத் தொடப் பத்தாம் மாதம் ஆகும். கருப்பை இருட்டு, அங்கே ஆக்சிஜனும் குறைவு. பாதிக் கோலத்தில் பிள்ளை வெளியே வந்துவிட்டால், அளவு மீறிய ஆக்சிஜன் பட்டுக் குழாய்கள் வளர்ச்சியை நிறுத்திவிடுகின்றன. சில வாரம் கழித்துத் தாறுமாறாகப் புதுக் குழாய்கள் முளைத்து, தழும்பாகி, விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. பிள்ளை நன்றாகப் பால் குடிக்கும், சிரிக்கும்.

1942இல் பாஸ்டன் நகரத்து டாக்டர் தியோடர் டெர்ரி இந்த நோயை முதலில் எழுதிவைத்தார். அடுத்த பத்துப் பதினோரு வருஷத்தில் உலகம் முழுக்கச் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். வசதி நிறைந்த ஆஸ்பத்திரிகளில்தான் அதிகம், ஏனென்றால் அங்கேதான் ஆக்சிஜன் தாராளம். 1951இல் மெல்போர்ன் டாக்டர் கேட் கேம்ப்பெல்லுக்கு ஆக்சிஜன் மேலேயே சந்தேகம் வந்தது. அதே சமயம் வாஷிங்டனில் டாக்டர் ஆர்னல் பாட்ஸ், சில பிள்ளைகளுக்குக் குறைவாகவும் சில பிள்ளைகளுக்குத் தாராளமாகவும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அங்கே இருந்த நர்ஸ்களில் சிலர், ஐயோ இந்தப் பிள்ளை மூச்சுக்குத் தவிக்குமே என்று, யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் ஆக்சிஜனைக் கூட்டி வைத்தார்களாம். இதைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். அவர்கள் மேல் கோபம் வரவில்லை. நானும் அதைத்தானே செய்யப் போனேன், கூடக் கொடுத்தால் என்ன என்று!

1953-54இல் அமெரிக்காவில் 18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்த ஆராய்ச்சி குற்றவாளி ஆக்சிஜன்தான் என்று உறுதி செய்தது. பயந்துபோய் எல்லோரும் ஒரேயடியாகக் குறைத்தார்கள். கண் தப்பியது, ஆனால் பிள்ளைகள் மூச்சில்லாமல் செத்தார்கள். எவ்வளவுதான் சரி என்று காண அதற்கப்புறம் அரை நூற்றாண்டு ஆயிற்று. பல நாடுகளில் நடந்த ஐந்து ஆராய்ச்சிகளில், 28 வாரம் நிறையாமல் பிறந்த ஏறக்குறைய 5,000 சிசுக்களைப் பார்த்தார்கள். 85 முதல் 89 வரை வைத்த பிள்ளைகளில் சாவு கூடியது. 91 முதல் 95 வரை வைத்தவர்களில் கண் நோய் கூடியது, ஆனால் உயிர் தங்கியது. கண்ணுக்கு வைத்தியம் உண்டு, போன உயிருக்கு ஏது? என் பேத்தி பெட்டிக்கு மேலே ஒட்டியிருந்த "90-95" என்ற சீட்டு அப்படி வந்தது. பெற்றவர்கள் எத்தனை பேர் கண்ணீரோடு கையெழுத்துப் போட்டுத் தங்கள் பிள்ளைகளை அந்த ஆராய்ச்சிகளுக்குக் கொடுத்திருப்பார்கள்! மழைபோல் பொழிவதுதான் அவள் அருள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அளந்து ஊட்டுகிறவளும் அவள்தான்.

மூச்சு கொஞ்சம் நிலைப்பட்டதும் மகள் பிள்ளையை வெற்று மார்போடு அணைத்துக் கிடந்தாள், மணிக்கணக்காக. கங்காரு முறை என்றார்கள். இன்குபேட்டர் பற்றாத கொலம்பியாவில், பொகோட்டா ஆஸ்பத்திரியில் 1970களின் கடைசியில் பிறந்த வைத்தியம் அது. பிறந்த கையோடு அப்படி அணைத்தால் சாவு கால்வாசி குறைகிறது என்று 2021இல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் ஆராய்ச்சி காட்டியது. எங்கள் ஜில்லாவுக்கு இது புதிதா? ஸ்ரீவில்லிபுத்தூர் துளசித் தோட்டத்தில் கிடந்த பச்சைப் பிள்ளையைப் பெரியாழ்வார் அள்ளி எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்ட மண்ணாயிற்றே!

மூன்றாவது வாரம் கண் டாக்டர் வந்தார். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைத்து, தலையில் மாட்டிய விளக்கோடு குனிந்து பார்த்தார். அதன்பின் வாரா வாரம் வந்தார். ஏழாவது வாரம் பார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தவர், "நாளை மறுநாளுக்குள் லேசர் பண்ணிவிடணும். தள்ளிப்போட நேரமில்லை" என்றார்.

லேசர் பண்ணிய அன்று கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். கையில் இருக்கன்குடித் திருநீறு. வாயில் மந்திரம் வரவில்லை, அம்மா, அம்மா என்பதுதான் வந்தது. உள்ளே, கோலம் எட்டாத ஓரத்தில் ஒளியைப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆயுள் முழுக்க ஒளி செய்து ஊருக்கெல்லாம் அனுப்பியவன் நான். என் வீட்டுப் பிள்ளைக்கு ஒளி அன்று அந்தக் கதவுக்குப் பின்னால் வந்தது. அழுதழுது ஒரு கட்டத்தில் அழுகை நின்று உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது. வேப்பங்காற்று அடித்ததுபோல் இருந்தது. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் வேப்பமரம் எங்கே? அவள் வந்து நின்றாள். நான் சத்தியமாகச் சொல்கிறேன், வந்து நின்றாள்.

இந்த ஆடி கடைசி வெள்ளிக்கிழமை விடிந்ததும் மொட்டை போட்டு, சந்தனம் பூசிய தலையோடு பேத்தியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நகர்ந்தோம். முன்னால் அக்கினிச்சட்டி, பின்னால் ஆயிரங்கண் பானை. குலவை மேல் குலவை. சன்னதிக்கு எதிரே வந்தபோது தீபாராதனை. பிள்ளை என் காதில், "தாத்தா, அம்மா என்னையப் பாக்குது" என்றாள்.

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கூட்டமும் இல்லை, சத்தமும் இல்லை, நானும் இல்லை. தீப வெளிச்சத்தில் அவள் முகம். அந்த முகத்தைப் பார்க்கிற இரண்டு சின்னக் கண்கள். தாயே, உலகத்து டாக்டர்களின் கைக்குள் நீதானே இருந்தாய்! பெட்டி மேல் ஒட்டிய சீட்டில் நீதானே இருந்தாய்! ராத்திரி விழித்திருந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நர்ஸம்மா நீதானே!

வெளியே கடையில் இரண்டு ஜோடி கண்மலர் வாங்கியிருந்தேன். ஒன்று பேத்திக்கு. இன்னொன்று யாருக்கு என்று மகள் கேட்டாள். அந்த 10,000 பிள்ளைகளுக்கு என்றேன். அவர்கள் கண் போனதால்தான் இவள் கண்ணுக்கு அளவு தெரிந்தது. பேர் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்காக உண்டியலில் போட்டபோது கை நடுங்கியது.

இதைப் படிக்கிற தாய்மாரே, தகப்பன்மாரே, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளை, இல்லை 2 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை உங்கள் வீட்டில், தெருவில், தீப்பெட்டி ஆபீஸில் கூட வேலை பார்க்கிற பெண்ணுக்கு இருந்தால், 30 நாளுக்குள் விழித்திரையைச் சோதித்துவிடுங்கள். என் பேத்திபோல் மிகச் சிறியதாகப் பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். பிள்ளை நன்றாகத்தானே பார்க்கிறது என்று இருந்துவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். போகிற வழியில் இருக்கன்குடித் தாயைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கண் டாக்டரைப் பார்க்கும் நாளைத் தள்ளிப் போடாதீர்கள்.