ரூபாய்க்கு முப்பது காசு

உங்களிடம் ஒரு கணக்கு கேட்கப் போகிறேன். பயப்பட வேண்டாம், சின்னக் கணக்குதான்.

ஒருவர் 118 பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி 2,80,000 ரூபாய் சேர்க்கிறார். கடை போடுகிறார். கடை படுத்துவிடுகிறது. எல்லா பாக்கியும் தீர்த்த பிறகு கையில் 84,000 ரூபாய் நிற்கிறது. இந்தப் பணம் யாருடையது?

‘இதென்ன கேள்வி, கொடுத்தவங்களுக்குத்தான்’ என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கொடுத்தவர்கள் யாரும் கடன் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. பங்கு என்றும் கொடுக்கவில்லை. ‘நல்லா வா’ என்று வாழ்த்திக் கொடுத்தார்கள். ‘அப்படின்னா அவருக்கே’ என்கிறீர்களா? அதற்கும் கொஞ்சம் பொறுங்கள். ஏனென்றால் அந்த 118 பேரில் நானும் ஒருவன்.

அந்த ‘ஒருவர்’ என் அக்கா மகன். இன்ஜினீயரிங் முடித்து மூன்று வருஷம் கம்பெனியில் குப்பை கொட்டியவன். அவன் வாழ்க்கையைத் திசைதிருப்பியது எழும்பூர் அல்சா மால். காலேஜ் நாட்களில் அங்கே சாண்ட்விச் சாப்பிட்டுச் சாப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தான். வேலை விஷயமாக மும்பை போய்வந்ததும் அந்த முடிவு முற்றிப்போனது.

“மாமா, அங்க தெருவுக்குத் தெரு சாண்ட்விச்காரங்க. ரெண்டு பிரெட்டு, வெண்ணெய், பச்சைச் சட்னி, வேகவெச்ச உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி, தக்காளி, மேல கொஞ்சம் மசாலாப் பொடி. அவ்ளோதான். ஆபீஸர்லேர்ந்து ஆட்டோ டிரைவர் வரைக்கும் நின்னு சாப்பிடறாங்க. இதை ஏன் நம்ம குரோம்பேட்டைல பண்ணக் கூடாது?”

பண்ணலாம்தான். பணம்?

சாண்ட்விச் என்ற பெயரே, சீட்டாட்ட மேஜையை விட்டு எழுந்திருக்க மனமில்லாத ஓர் ஆங்கிலேயப் பிரபுவால் வந்தது என்று ஒரு பழைய கதை உண்டு. ரொட்டிக்கு நடுவே இறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னாராம். கதை நிஜமோ பொய்யோ, பொருத்தமான பிறப்புதான். சாப்பாட்டுக் கடை போடுகிறவன் எவனும் பாதி சூதாடிதான்.

வங்கிக்குப் போனான். அவர்கள் கேட்ட காகிதங்களைச் சேர்த்து முடிப்பதற்குள் கடைக்கு வாங்க நினைத்த பிரெட் பூசணம் பிடித்துவிடும் போலிருந்தது. அப்போதுதான், “கிரவுட் ஃபண்டிங் பண்ணப் போறேன் மாமா” என்றான்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே ஆளிடம் ஒரு லட்சம் கேட்பதற்குப் பதில் நூறு பேரிடம் ஆளுக்கு ஆயிரம் கேட்பது. 2009-ல் அமெரிக்காவில் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் இதை ஒரு பெரிய வழக்கமாகவே ஆக்கியது. அதில் நடந்த ஒரு கூத்து பிரசித்தம். 2014-ல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்துக்காரர் ஜாக் டேஞ்சர் பிரவுன், ‘உருளைக்கிழங்கு சாலட் செய்யப்போகிறேன், 10 டாலர் வேண்டும்’ என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான். ஒரு டாலர் கொடுத்தால், சாலட் செய்யும்போது உங்கள் பெயரை உரக்கச் சொல்வேன் என்பது வாக்குறுதி. வந்து விழுந்தது 55,492 டாலர். கொடுத்தவர்கள் 6,911 பேர்! மனுஷர் மிரண்டுபோயிருக்க வேண்டும். ஊரைக் கூட்டி ஒரு விழாவே நடத்தினார், பசித்தவர்களுக்கு உதவும் வேலைகளுக்கு ஒரு நிதி வைத்தார். பத்து டாலருக்கு அவர் யாருக்கும் பதில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஐம்பத்தைந்தாயிரம் டாலர் அவரைச் சும்மா இருக்கவிடவில்லை.

நம் ஆள் இணையதளத்துக்கெல்லாம் போகவில்லை. வாட்ஸ்அப், ஜி-பே, அவ்வளவுதான். 500 ரூபாய் கொடுத்தால் ஐந்து சாண்ட்விச் இலவசம். 2,000 கொடுத்தால் கடைச் சுவரில் பெயர். 5,000 கொடுத்தால் ஒரு சாண்ட்விச்சுக்கே உங்கள் பெயர்.

நான் 5,000 அனுப்பினேன். ‘மாமா ஸ்பெஷல்’ பிறந்தது. (பீட்ரூட் தூக்கலாக இருக்கும். எனக்குப் பீட்ரூட் பிடிக்காது. அவனுக்கு அது தெரியும்.)

அதோடு விட்டிருக்கலாம். ‘நம்ம பையன், நம்பிக் கொடுக்கலாம்’ என்று என் நண்பர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். என் முகத்துக்காகக் கொடுத்தவர்கள் மட்டும் 31 பேர்.

நான் பி.காம். எந்தப் பணம் வந்தாலும் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கை அரிக்கும். கடன் என்றால் ஒரு இடம், முதல் என்றால் ஒரு இடம். இது? பங்கு என்று எழுத முடியாது. கண்ட இடத்தில் பொதுமக்களிடம் பங்கு விற்க நம் சட்டம் விடாது. 2014-ல் செபி இதைப் பற்றி ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. 2016-ல் அங்கீகாரம் இல்லாத இணையதளங்களை நம்பாதீர்கள் என்று எச்சரிக்கையும் செய்தது. கடன் என்றும் எழுத முடியாது, யாரும் திருப்பிக் கேட்கவில்லை. வருமான வரிக்காரருக்கு மட்டும் இதில் குழப்பமே கிடையாது. கைமாறு இல்லாமல், சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் பணம் வந்தால் மொத்தமும் உன் வருமானம், வரி கட்டு என்கிறது சட்டம். அன்புக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

2023 ஜனவரியில் கடை திறந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது.

முதல் வாரம் போனேன். காசு கொடுத்துத்தான் சாப்பிட்டேன், பெருந்தன்மையாக. ஆனால் சீஸ் கொஞ்சம் கூடுதலாக வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. எல்லாருக்கும் போல ஒரே துண்டு. ‘ஹும்’ என்று ஒரு சத்தம் எனக்குள் கேட்டது. ஐயாயிரம் ரூபாய்க்கு நான் எதை வாங்கியதாக நினைத்துக்கொண்டேன்?

நான் மட்டும் இல்லை. என் நண்பர் ஒருவர் சட்னியில் உப்பு கம்மி என்று கல்லாவுக்கே போய் அறிவுரை சொன்னார். 500 ரூபாய்க்காரர். இன்னொருவர் கடை நேரத்தை மாற்றச் சொன்னார். ஆறு மாதம் கழித்து, பிரெட்டும் காய்கறியும் எடுத்துவர அவன் ஒரு பழைய பைக் வாங்கினான். அன்று ராத்திரியே எனக்கு ஒரு மெசேஜ்: ‘பையன் பைக் வாங்கியிருக்கான் போல. நம்ம பணமா?’ பக்கத்தில் சிரிப்புப் பொம்மை வேறு. நானும் சிரிப்புப் பொம்மை அனுப்பினேன். ஆனால், அதே கேள்வி எனக்கும் தோன்றியிருந்தது. அதைத்தான் ஒளிக்க முடியவில்லை.

கடன் கொடுத்திருந்தால் மாதாமாதம் வட்டி வருகிறதா என்று மட்டும் பார்த்திருப்போம். பைக் வாங்கினாலும் பட்டு வேட்டி கட்டினாலும் நமக்கென்ன? சும்மா கொடுத்தோம் பாருங்கள், அதனால் அவன் வாழ்க்கை முழுவதையும் மேற்பார்வை பார்க்கும் உரிமை வந்துவிட்டது.

ஆனால் இந்த ‘நம்ம’ என்ற வார்த்தை எப்போதுமே இப்படி அல்பமானதும் இல்லை. 1976-ல் ஷியாம் பெனகல் எடுத்த ‘மந்தன்’ படத்துக்குக் குஜராத்தின் 5 லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். படம் வந்ததும் லாரி லாரியாக ஏறிவந்து பார்த்தார்கள். ‘நம்ம படம்.’ அந்தப் படம் அவர்களுடைய கதை, அவர்களுடைய கூட்டுறவு. நாங்கள் சாண்ட்விச்சுக்காகவா கொடுத்தோம்? ‘ஒரு பையனைத் தூக்கிவிட்டேன்’ என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளக் கொடுத்தோம். சொல்லிக்கொண்டும் இருந்தோம்.

கடை ஏன் படுத்தது என்பது பெரிய மர்மமில்லை. மாத வாடகை 12,000. சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், ஆக 1,20,000 எடுத்த எடுப்பிலேயே கட்டடக்காரரிடம் போய் முடங்கியது. மிச்சத்தில் கிரில்லர், ஃபிரிட்ஜ், போர்டு. பிரெட் இரண்டு நாளில் கெடும், காலேஜ் லீவு இரண்டு மாதம் இருக்கும். வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகளின் கமிஷன் போக மிஞ்சியது பீட்ரூட் தோல். 2024 மார்ச்சில் ஷட்டரை இறக்கினான்.

அட்வான்ஸில் இரண்டு மாத வாடகை பாக்கியும் பெயின்ட் அடிக்க எட்டாயிரமும் பிடித்துக்கொண்டு 88,000 திரும்பி வந்தது. சாமான்கள் 20,000-க்குப் போயின. வேலைக்கு இருந்த பையனின் சம்பள பாக்கி, பிரெட்காரர் பாக்கி எல்லாம் 24,000. முதலில் அவர்களுக்குத்தான் கொடுத்தான். மிச்சம் 84,000.

“இதை என்ன மாமா பண்றது?”

“வெச்சுக்கோடா. அவங்க சும்மா கொடுத்தது. சட்டப்படி உன்னுது. அடுத்த வேலை கிடைக்கிற வரைக்கும் ஆகும்.”

“அப்ப அவங்களை ரோட்ல பார்த்தா நான் எந்தப் பக்கம் திரும்பிக்கறது?”

எனக்குச் சட்டென்று எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. பேராவூரணிப் பக்கம். கீரமங்கலம், வடகாடு என்று அந்த வட்டாரத்தில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து நடக்கும். கல்யாணமோ காதுகுத்தோ வேண்டியதில்லை. பணம் வேண்டியவர் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார். செலவைக் குறைக்க நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே பந்தலில் போடுவதும் உண்டு. வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். இப்போது பணம் எண்ணும் மெஷினும் கம்ப்யூட்டர் ரசீதும் வந்துவிட்டன. 1994-ல் என் அப்பா போர்வெல் மோட்டாருக்காக விருந்து வைத்தபோது ஒரு நீள நோட்டுதான். பத்தாம் வகுப்பு முடித்த நான்தான் எழுதினேன். பெயர், ஊர், தொகை. பத்து ரூபாயானாலும் ஒரு வரி.

அப்பா 2009-ல் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா முதலில் எடுத்தது அந்த நோட்டைத்தான். அடிக்காமல் இருந்த வரிகளுக்கு ஒவ்வொரு பந்தலாகப் போய் நானும் அம்மாவும் செய்து முடித்தோம்.

மொய்யை நான் புனிதமாக்கவில்லை. வாங்கியதற்கு மேல் போட்டுத்தான் திருப்ப வேண்டும் என்ற வழக்கத்தில் நகையை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். 2018-ல் கஜா புயல் தென்னையைச் சாய்த்துப் போட்ட பிறகு அந்தப் பக்கம் மொய் என்ற பேச்சே பலருக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் ஒரு விஷயம். எங்கள் ஊரில் மொய் எழுதியவர் எவரும் அப்பாவின் மோட்டாரை வந்து தடவிப் பார்த்து, ‘நம்ம பணம்’ என்று சொன்னதில்லை. நோட்டில் இருந்ததால் மனசில் இருக்க வேண்டியதில்லை. எங்கள் வாட்ஸ்அப் அன்புக்கு நோட்டு கிடையாது. மனசிலேயே கிடந்து வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

கிக்ஸ்டார்ட்டர் விதிகளிலும் கிட்டத்தட்ட இந்த நோட்டு இருக்கிறது. எடுத்த காரியம் நிறைவேறாவிட்டால், பணம் எப்படிச் செலவானது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும், மிச்சத்தைத் திருப்பித்தர முன்வர வேண்டும். இதை அவனிடம் சொன்னேன். அவன் அதற்கு முந்தின ராத்திரியே உட்கார்ந்து கணக்கு எழுதி வைத்திருந்தான். வரவு, செலவு, கெட்டுப்போன பிரெட், பைக் உட்பட. பைக் அவன் சேமிப்பிலிருந்து வாங்கியது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

118 பேருக்கும் அந்தக் கணக்கை அனுப்பினான். கூடவே, ரூபாய்க்கு முப்பது காசு.

பதில்கள் வந்தன. “நான் என்ன வட்டிக்கா கொடுத்தேன், திருப்பி அனுப்பி அவமானப்படுத்தறே?” என்று ஒருவர் போனில் கத்தினார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கொடுத்ததைத் திருப்பினால், ‘உன் உறவு வேண்டாம்’ என்றும் அர்த்தம் வரும். ஊரில் புதிதாக ஒரு பைசாவும் போடாமல் வாங்கிய மொய்யை மட்டும் திருப்பினால் கணக்கை முடித்துக்கொள்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பையன் அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றான், நானும்தான். இன்னொருவர், ‘மீதி எழுபது காசு எப்போது?’ என்று கேட்டு அனுப்பியிருந்தார். பலர் பணத்தைத் திருப்பி அனுப்பினார்கள், ‘அடுத்த கடைக்கு வைத்துக்கொள்’ என்று. இன்னும் பலர் பேசாமல் எடுத்துக்கொண்டார்கள். பைக் பற்றி எனக்கு மெசேஜ் அனுப்பியவர் அதற்குப் பிறகு ஒன்றும் அனுப்பவில்லை.

கடைக்கு எதிரே கீரை விற்கும் அம்மா 50 ரூபாய் கையில் கொடுத்திருந்தாராம். ஜி-பே பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவன் தனியாக எழுதி வைத்திருந்தான். 15 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அந்த அம்மா எண்ணிப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டு, ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்துக் கையில் திணித்தாராம். விலை, பதினைந்து ரூபாய்.

எனக்கு 1,500 ரூபாய் வந்தது. ரூபாய்க்கு முப்பது காசு என்றால் 5,000-க்கு 1,500. பி.காம் படித்தவன் மனசிலேயே போட்டுவிடக்கூடிய கணக்கு. நான் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து போட்டுப் பார்த்தேன்.