இழப்பைக் கணக்கிடுதலும் இழப்பிற்குப் பொறுப்பேற்றலும்

முன்னுரை

இழந்தவற்றை எண்ண இயலுமா, எண்ணிவிட்டால் அவற்றின்பால் உள்ள கடமை தீர்ந்துவிடுமா என்பன அறவியல் சார்ந்த வினாக்கள். மயிலை சீனி. வேங்கடசாமி (1900–1980) பெயரளவிலோ சில செய்யுள் அளவிலோ எஞ்சியவற்றைத் திரட்டி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் நூலை அளித்தார். அது அறியப்பட்ட இழப்புகளின் பட்டியலாகும். பெயரும் எஞ்சாது அழிந்தவை எத்தனை என்பதை எப்பட்டியலும் கூறாது. அண்மைக்காலத் தரவுப் பகுப்பாய்வு அதனை மதிப்பிட முற்படுகிறது. அம்மதிப்பீடு ஆய்வாளர்க்கு விதிக்கும் கடமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

உயிரியலும் நூலியலும்

மலாயாவில் திரட்டப்பட்ட பட்டாம்பூச்சிகளைக் கொண்டு, கண்ணில் படாத இனங்களைக் கணிக்கும் முயற்சியை ஃபிஷர், கார்பெட், வில்லியம்ஸ் ஆகியோர் 1943இல் வெளியிட்டனர். பின்னர் தைவான் புள்ளியியலாளர் ஆன் சாவ் 1984இல் எளிய வாய்பாடு ஒன்றை அளித்தார். ஒருமுறை மட்டும் காணப்பட்ட இனங்களின் எண்ணிக்கையை அதனாலேயே பெருக்கி, இருமுறை காணப்பட்டவற்றின் இருமடங்கால் வகுத்தால், காணப்படாதவை குறைந்த அளவு எத்தனை என்பது கிடைக்கும். சான்றாக, ஒற்றைப்படி மட்டும் உள்ள நூல்கள் 20, இருபடி உள்ளவை 10 எனக் கொண்டால், அழிந்தவை குறைந்தது 20 ஆகும்.

நூலை இனமாகவும் சுவடியை அவ்வினம் காணப்பட்ட நிகழ்வாகவும் கொண்டு, மைக் கெஸ்டமாண்ட் குழுவினர் இம்முறையை இடைக்கால ஐரோப்பியக் கதை இலக்கியத்திற்குப் பொருத்தி 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். நூல்களில் ஏறத்தாழ 68 விழுக்காடும் சுவடிகளில் ஏறத்தாழ 9 விழுக்காடும் எஞ்சின என்பது அவர்தம் மதிப்பீடு. இச்சராசரி வேறுபாடுகளை மறைக்கிறது. ஐரிஷ், ஐஸ்லாந்து மொழி நூல்களில் நான்கில் மூன்று பங்கிற்கு மேல் எஞ்ச, ஆங்கிலத்தில் 40 விழுக்காடும் எஞ்சவில்லை.

திருமலைச் செப்பேடுகள்

இம்முறையின் எல்லையை உணர்த்தும் சான்று தமிழும் தெலுங்கும் உடன் வழங்கும் சித்தூர்–திருப்பதி வட்டாரத்தில் உள்ளது. அன்னமாச்சாரியார் 32,000 பாடல்கள் இயற்றினார் என்பது மரபு. செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றுத் திருமலைக் கோயிலின் அறை ஒன்றில் நெடுங்காலம் கிடந்த அவை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிக்கொணரப்பட்டன. கிடைத்தவை மரபு கூறும் தொகையிற் பாதிக்கும் குறைவே. ஒரே அறையில் இருந்தவை ஒருங்கே பிழைத்தன. ஒருங்கே அழிந்திருக்கவும் கூடும். வாய்பாடோ ஒவ்வொரு படியும் தனித்தனியே பிழைத்தது எனக் கொள்கிறது.

தமிழ்ச் சுவடிகளின் அழிவும் தற்செயலானது மட்டுமன்று. ஆடிப்பெருக்கில் பழஞ்சுவடிகளை ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. வெதுருகுப்பம் போன்ற எல்லைப்பகுதி ஊர்களில், முன்னோர் எழுதிய எழுத்தைப் பின்னோர் படிக்க இயலாத நிலை நேரின் ஏட்டின் மதிப்பே அறியப்படாது போகும். எவை போற்றப்படவில்லையோ அவையே மிகுதியாக அழியும். எவருடைய குரல் அழிந்தது என்பதை எண் கூறுவதில்லை.

எண் உணர்த்தும் கடமை

எவரும் அறியாத நூல் அழிந்ததால் எவருக்கு என்ன தீங்கு என வினவலாம். இவ்வினா இழப்பை முடிந்துபோன நிகழ்வாகக் கருதுவதால் எழுவது. மேற்கண்ட வாய்பாட்டில் தலைமை பெறுவது ஒற்றைப்படி நூல்களின் எண்ணிக்கையாகும். இறந்த காலத்தைக் கணிக்க உதவும் அவ்வெண், இன்னும் ஒரு கறையான் புற்று, ஒரு மழைக்கசிவு ஆகியவற்றால் நாளை அழியக்கூடியவற்றின் எண்ணும் ஆகும். ஆகவே மதிப்பீடு ஆறுதலுக்குரியது அன்று, செயலுக்குரியது.

அச்சு நூல் வந்தபின் ஏட்டுப்படிகள் பயனற்றவை என ஒதுக்கப்படுவதும் அறவழுவேயாகும். இரண்டாம் படியைப் பதிவு செய்யாதவர், தம்மை அறியாமலே அழிந்தவற்றைக் கணிக்கும் சான்றையும் அழிக்கிறார்.

முடிவுரை

பட்டியல் இழந்தவற்றின் பெயரைக் காக்கிறது. கணிப்பு பெயரற்றவற்றின் அளவை உணர்த்துகிறது. ஒன்று மற்றொன்றிற்கு மாற்றாகாது. சுவடி அட்டவணைகள் ஒவ்வொரு நூலுக்கும் உள்ள படிகளின் தொகையையும் இருப்பிடத்தையும் தவறாது குறித்து, ஒற்றைப்படி நூல்களை முதற்கண் படியெடுத்துக் காப்பதே இழந்தவற்றிற்கு ஆய்வுலகம் செய்யத்தக்க கைம்மாறு எனலாம்.