வாயும் வழிபாடும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்த சிவகிரியில், குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் பாலசுப்பிரமணியரைத் தரிசிக்கப் படியேறுவோர், பல் துலக்கி, நீராடி, நீறணிந்தே வீட்டைவிட்டுப் புறப்படுவர். அந்தச் சுத்தி தெய்வத்துக்காகவா, தேகத்துக்காகவா என்று எவரும் பிரித்துக் கேட்பதில்லை. ஆனால் சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரம் மூன்று முறை விடியுமுன் பஸ் ஏறித் தென்காசிக்கோ இராஜபாளையத்துக்கோ சென்று, ஏறத்தாழ 4 மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு பிணைந்து கிடந்து மீளும் ஒருவர், “உயிரே நிலையில்லாதபோது பல்லையும் ஈறையும் பேணி ஆவதென்ன?” என்று கேட்பாரானால், அதைச் சோம்பலின் சொல்லென்று தள்ளிவிடலாகாது; அது தத்துவ விசாரத்துக்கு உரிய வினா.

அவ்வினாவுக்குப் பின்னே நம் நாட்டின் நெடிய வைராக்கிய மரபு நிற்கிறது. தேகம் அநித்தியம், அதன்மேல் வைத்த பற்றே பந்தம் என்று பட்டினத்தார் முதலானோர் இடித்துரைத்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும், உடம்பைத் தாழ்வாக எண்ணியிருந்த தாம், இறைவன் அதிற் குடியிருப்பதை உணர்ந்தபின் அதைக் காக்கத் தலைப்பட்டதாகத் திருமூலர் திருமந்திரத்தில் கூறுவதும் அதே மண்ணின் மரபன்றோ? பற்குச்சியால் வாயைத் துப்புரவு செய்தபின் தெய்வத்தைத் தொழுமாறு விதிக்கும் ஆசாரக்கோவையும், சிறிய கடமையைப் பெரிய கடமையின் வாயிலிலேயே நிறுத்தியிருக்கிறது.

இனி, நோயாளியின் வாயில் நிகழ்வதைக் காண்போம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய யூரியா இரத்தத்தில் மிகுந்து உமிழ்நீரிலும் கலக்கிறது. வாயிலுள்ள கிருமிகள் அதை அம்மோனியாவாகச் சிதைக்க, மூச்சில் ஒரு நெடியும் நாவில் உலோகச் சுவையும் தோன்றுகின்றன. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியிருப்பதால் வாய் வறளுகிறது. உமிழ்நீரின் காரத்தன்மை கூடுவதால் பற்களில் காரை விரைந்து படிகிறது. இரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்கள் செவ்வனே இயங்காமையாலும், டயாலிசிஸின்போது இரத்தம் உறையாதிருக்கச் செலுத்தும் ஹெப்பாரின் என்னும் மருந்தாலும் ஈற்றில் இரத்தம் எளிதில் கசிகிறது. காலையில் துலக்கித் துப்பும் நுரை செந்நிறமாக இருப்பதைக் கண்ட நோயாளி, அஞ்சி, கசியும் அந்த இடத்தை மட்டும் பிரஷ் படாமல் விட்டுவிடுகிறார். அங்கே அழுக்கு சேர்கிறது, ஈறு மேலும் வீங்குகிறது, மறுநாள் இன்னும் சிறிது கூடவே கசிகிறது. அச்சத்தால் செய்த உபகாரம் அபகாரமாய் முடிகிறது. ஈற்றின் அழற்சியோ வாயோடு நிற்பதில்லை. அதன் விளைவு இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவி, ஏற்கெனவே நலிந்த தேகத்துக்கு மற்றொரு பாரமாகிறது.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். சிறுநீரகம் மீள்வது அவர் கையில் இல்லை. இயந்திரமும் மருந்தும் மருத்துவரும் காலமும் கூடி நிர்ணயிப்பது அது. வாயோ அவர் கையில் இருக்கிறது. தன் வசமில்லாததற்காக ஏங்கி, தன் வசமுள்ளதைக் கைவிடுவது வைராக்கியமாகாது; அது துயரம் வைராக்கியத்தின் வேஷம் பூண்டு வருவது. பலனில் பற்று வையாமல் செய்யத்தக்கதைச் செய்வதே பெரியோர் போற்றிய நிஷ்காம்ய கர்மம் எனின், மென்மையான பிரஷ்ஷைக் கொண்டு காலையும் இரவும் பொறுமையோடு பல் துலக்குவதும் அதில் அடங்கும். தேகம் நம் சொத்து என்று கருதினால்தான் அதைப் பேணுவது பற்றாகும். அடைக்கலமாக வந்தது என்று உணர்ந்தால் பேணுவதே தர்மம்.

அடைக்கலம் என்னும் இவ்வெண்ணம் உறுப்பு மாற்றத்தில் கண்கூடாகிறது. 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்றம் வெற்றி பெற்றது. 2008-ல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், மூளைச்சாவடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை ஈந்து, தமிழகத்தின் மனசாட்சியையே தட்டி எழுப்பினர். அத்தகைய தானத்தைப் பெறவிருப்பவரின் வாயை முன்கூட்டியே பரிசோதிப்பார்கள். ஏனெனில், புதிய உறுப்பை உடல் புறந்தள்ளாதிருக்க வாழ்நாள் முழுதும் உண்ணும் மருந்துகள் நோயெதிர்ப்பைத் தாழ்த்தும்போது, ஈற்றில் ஒளிந்திருந்த கிருமி ஓங்கிவிடக்கூடும். அம்மருந்துகளுள் ஒன்றான சைக்ளோஸ்போரின் சிலருக்கு ஈற்றையே மிகையாக வளரச் செய்வதும் உண்டு. முகமறியாத ஒருவரின் ஈகையை ஏற்கும் தேகத்தை முன்னும் பின்னும் பேணுவது, வாய்ச்சொல்லால் கூறும் நன்றியினும் மேலான நன்றி.

சுற்றத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. நோயாளியின் மூச்சில் வீசும் நெடி நோயின் குணமேயன்றி அசுத்தமோ பாவமோ அன்று. அதற்கு நாணிச் சந்நிதியில் ஒதுங்கி நின்று, நாமத்தை வாய்விட்டுச் சொல்லவும் கூசுபவரை அருகழைத்து நிறுத்துவதே பக்தர்க்கு அழகு. பல்வலி கண்டபோது மெடிக்கல் ஷாப்பில் தாமாக வலிமாத்திரை வாங்கி உண்டு, எஞ்சியிருக்கும் சிறுநீரகச் சக்தியையும் இழந்துவிடாதபடி அவரைத் தடுங்கள். பல் டாக்டரிடம் டயாலிசிஸ் விவரத்தை மறைக்காமல் சொல்லச் செய்யுங்கள். பல் பிடுங்க நேர்ந்தால், ஹெப்பாரினின் வேகம் அடங்கிய மறுநாளை மருத்துவரைக் கேட்டுக் குறியுங்கள். தேகம் அநித்தியம் என்பது சத்தியமே; அது இருக்கும்வரை அதற்குச் செய்யவேண்டிய சிசுருஷையும் சத்தியமே.