வட்டி போடும் குட்டி

‘வட்டி குட்டி போடும்’ என்று நம்ம ஊரில் சொல்வார்கள். எக்ஸ்போனென்ஷியல் என்ற சொல்லுக்கு இதைவிடச் சின்ன விளக்கம் கிடையாது. இன்று அந்தச் சொல்லை ‘பயங்கர வேகம்’ என்ற பொருளில்தான் பயன்படுத்துகிறோம். கணிதத்தில் அதற்கு வேகம் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே இருப்பது எவ்வளவோ, அதே விகிதத்தில் கூடிக்கொண்டே போவது. வருஷத்துக்கு 1 சதவீதம் கூடினாலும் அது எக்ஸ்போனென்ஷியல்தான்.

ஒருவர் பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் நூற்றுக்குப் பத்து. கட்டாத வட்டி அசலோடு சேரும். முதல் மாதம் தனி வட்டிக்கும் கூட்டு வட்டிக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டாம் மாதம் வெறும் 100 ரூபாய். இதுல என்ன இருக்கு என்றுதான் தோன்றும். மூன்று வருஷம் கழித்துப் பாருங்கள்: தனி வட்டியில் மொத்தம் 46,000; கூட்டு வட்டியில் 3,09,000-க்கு மேல்.

இதே சூத்திரம்தான் வங்கி வைப்புநிதியிலும் வேலை செய்கிறது. வருஷத்துக்கு 6 சதவீதத்தில் பணம் எட்டு மடங்காக 36 வருஷம் ஆகும். பத்து வட்டிக் கடன் எட்டு மடங்காக 22 மாதம் போதும். சூத்திரம் ஒன்று, பணம் இருப்பவருக்கு அது முதுமைக்கான நிம்மதி, இல்லாதவருக்குப் பறிபோகும் வீட்டுப் பத்திரம்.

‘தெரிஞ்சுதானே கையெழுத்துப் போட்டான்?’ என்று கேட்கலாம். அவர் சம்மதித்தது பத்து என்ற எண்ணுக்கு. அது மூன்று வருஷத்தில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அல்ல. கணக்குத் தெரிந்திருந்தாலும், ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் கையெழுத்துப் போடத்தான் செய்வார். ஆகவே சிக்கல் அறியாமையில் மட்டும் இல்லை.

1683-ல் ஜேக்கப் பெர்னூலி ஒரு கேள்வியை ஆராய்ந்தார். வருஷத்துக்கு நூறு சதவீத வட்டியை மாதாமாதம், நாள்தோறும், நொடிதோறும் என்று அசலோடு சேர்த்துக்கொண்டே போனால் ஒரு ரூபாய் எவ்வளவு ஆகும்? எவ்வளவு அடிக்கடி சேர்த்தாலும் அந்த வருஷ முடிவில் 2.718...-ஐத் தாண்டாது. ஆனால் வருஷங்களுக்கு அப்படி ஒரு எல்லையைக் கணிதம் தரவில்லை. பாலில் விட்ட உறைமோர்கூட, தான் உண்டாக்கிய புளிப்பாலேயே ஒரு கட்டத்தில் பெருகுவதை நிறுத்திக்கொள்கிறது. கடனில் கணக்கு ஓய்வதில்லை, மனிதர்தான் ஓய்ந்துபோகிறார்.

‘போதும்’ என்ற சொல் சூத்திரத்துக்குள் இல்லை. அதை வெளியிலிருந்து யாராவது சொல்லியாக வேண்டும். பழைய இந்துச் சட்டத்தில் ‘தம்துபத்’ என்ற விதி, ஒரே சமயத்தில் வசூலிக்கும் வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்றது. ராஜாஜி அரசு 1938-ல் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும், பழைய கடன்களில் அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடன் முழுக்கத் தீர்ந்தது என்றது.

‘இப்படி எல்லை வெச்சா ஏழைக்கு யார் கடன் கொடுப்பாங்க?’ நியாயமான கேள்வி. கொடுப்பவரின் துணிச்சலுக்கும் காத்திருப்புக்கும் ஒரு விலை வேண்டும்தான். ஆனால் விலை என்று ஒன்று இருந்தால் அது என்றாவது ஒருநாள் கட்டி முடிகிறதாக இருக்க வேண்டும். எவ்வளவு கட்டினாலும் முடியாத ஒன்றை விலை என்று எப்படிச் சொல்வது?