கென்யாவும் தான்சானியாவும்: க்ஷேமத்தைப் பற்றி ஒரு விசாரம்

நைரோபியிலிருந்து அரூஷாவுக்குப் போகும் நெடுஞ்சாலை நமங்கா என்னும் எல்லையூரைக் கடக்கிறது. அங்கே கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் மாடு மேய்ப்பவர்கள் ஒரே பாஷை பேசும் மாசாய் இனத்தார்தாம். ஐரோப்பிய வல்லரசுகள் வரைந்த எல்லைதான் ஒரு சாராரைக் கென்யப் பிரஜைகளாகவும் மறுசாராரைத் தான்சானியப் பிரஜைகளாகவும் ஆக்கிவிட்டது. எந்த நாட்டு வாழ்வு மேலானது என்னும் கேள்வியை ஆராய இவ்விரண்டைக் காட்டிலும் தகுந்த ஜோடி கிடைப்பது அரிது.

பணத்தை அளவுகோலாகக் கொண்டால் விவகாரம் சீக்கிரம் முடிந்துவிடும். தலைக்கு விழும் வருமானத்திலும், ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீட்டிலும் கென்யாவே மேலே நிற்கிறது. ஆனால் அதே ஐ.நா.வின் அண்மைக்கால மதிப்பீடுகள் சராசரி ஆயுளில் தான்சானியாவைச் சில ஆண்டுகள் முன்னே வைக்கின்றன. கணக்குப் புத்தகமே ஒரே குரலில் பேசவில்லை என்றால், எதைக் கணக்கிடுவது என்று தீர்மானித்தவர்களின் மனத்தைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

கென்யா 1965-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, எங்கே போட்ட பணம் அதிக விளைச்சலைத் தருமோ அங்கேயே அதைப் போடவேண்டும் என்று கூறிற்று. தர்க்கத்தில் பழுதில்லை, ஆயினும் மழை பொழியும் மத்திய மேட்டுநிலத்துக்குச் சாலையும் பள்ளியும் வந்து சேர, துர்க்கானா, மண்டேரா முதலிய வறண்ட வடபகுதிகள் அரை நூற்றாண்டுக் காலம் நாட்டின் புழைக்கடையாகவே கிடந்தன, 2010-ஆம் ஆண்டு அரசியல் சாசனம் பின்தங்கிய பிரதேசங்களுக்கென்று தனி நிதி ஒதுக்கியதே அந்தத் தர்க்கத்தின் விலையை ஒப்புக்கொண்டதாகும். தான்சானியாவின் அந்நாளைய ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரேயோ 1967-இல் அரூஷா பிரகடனத்தின் வாயிலாக வேறு வழியைக் காட்டினார். ஆளுங்கட்சித் தலைவர்கள் கம்பெனிப் பங்கு வைத்திருக்கலாகாது, வீட்டை வாடகைக்கு விடலாகாது, இரண்டு சம்பளம் வாங்கலாகாது என்ற விதிகளைப் படிக்கும்போது, துறவிகளின் மடத்தை ஒரு தேசத்தின் அளவுக்கு விரிக்க முயன்றாரோ என்றே தோன்றும். கென்யாவை ‘மனிதனை மனிதன் தின்னும் சமூகம்’ என்று தான்சானியர் ஏச, ‘உங்கள் சமூகத்தில் தின்பதற்கே ஒன்றுமில்லை’ என்று கென்யர் திருப்பிக் கொடுத்ததும் அந்நாளைய வழக்கு.

பின்னவர் சொன்னதிலும் உண்மை உண்டு. தான்சானியாவில் 1973 முதல் 1976 வரை பல லட்சக்கணக்கான குடியானவர்கள் திட்டமிட்ட புதுக் கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். திரும்பி வரக்கூடாதென்று பல இடங்களில் அவர்களுடைய பழைய குடிசைகளை அதிகாரிகளே கொளுத்தினார்கள். விளைச்சல் குன்றித் தானியத்தை வெளிநாட்டில் வாங்க நேர்ந்தது. பள்ளியையும் குடிநீரையும் பக்கத்தில் கொண்டுவரத்தான் இவ்வளவும் என்பது அரசின் சமாதானம். பள்ளிகள் வந்தன, எழுத்தறிவும் பரவிற்று. எனினும் விரும்பி ஏற்றால் மாத்திரமே அறமாகக்கூடிய பகிர்வை, தீவட்டியைக் காட்டி வாங்கும்போது அதற்கு அறம் என்ற பெயர் நிலைக்குமா?

நிலைக்காது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் வழக்கு அதோடு முடியவில்லை. எட்வர்ட் மிகுவல் என்னும் பொருளாதார அறிஞர் கென்யாவின் புசியா மாவட்டத்தையும் தான்சானியாவின் மெயாட்டு மாவட்டத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். புசியாவில் பல இனத்தவர் கலந்து வாழும் ஊர்களில் பள்ளிக்கென்று பெற்றோர் கொடுக்கும் பணம் குறைந்து, பெஞ்சும் வகுப்பறையும் போதாமல் இருந்தன. மெயாட்டுவில் இனக்கலப்பு பள்ளியை அவ்விதம் பாதிக்கவில்லை. சுவாஹிலியைப் பொதுமொழியாக்கி, தேசம் ஒன்று என்று பள்ளிப்பருவத்திலிருந்தே போதித்ததன் பலன் என்று அவர் கருதினார். அண்டைவீட்டுப் பிள்ளை வேற்றினத்தவன் என்பதற்காக அவன் உட்காரும் பெஞ்சுக்குக் காசு கொடுக்கத் தயங்காத மனம் எந்தத் தேசிய வருமானக் கணக்கிலும் ஏறுவதில்லை. அது இல்லாதபோது வரும் நஷ்டமோ கண்ணுக்குத் தெரியும்: 2007 டிசம்பர்த் தேர்தலுக்குப் பின் கென்யாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், எல்டொரெட் நகரருகே ஒரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்களை உள்ளே வைத்தே எரித்தார்கள். தான்சானியா இதற்கெல்லாம் விலக்கு என்று பெருமை பேசவும் இடமில்லை. 2025 அக்டோபர்த் தேர்தலின்போது தார் எஸ் சலாமிலும் இரத்தம் சிந்திற்று, ஊரடங்கும் வந்தது. ஆயினும் அங்கே மூண்டது ஆட்சிக்கும் குடிகளுக்கும் நடுவே எழுந்த கலகம். இனத்தை இனம் தேடிச் சென்று வெட்டியதன்று.

எங்கே பிறப்பேன் என்று அறியாமல் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நான் தான்சானியாவையே சொல்வேன். நைரோபியை ஒட்டிய தேயிலை நிலத்தில் பிறப்பது நிச்சயம் என்றால் கென்யாவைச் சொல்லத் தயங்கமாட்டேன். கேள்வியின் விடை கேட்பவனுடைய நிச்சயத்தைப் பொறுத்து மாறுகிறதென்றால், குறியீட்டெண்கள் இதுவரை யாருடைய நிச்சயத்திலிருந்து எழுதப்பட்டன என்று கேட்பது நியாயமே.

நாள்தோறும் திருப்பலிக்குச் சென்ற கத்தோலிக்கரான நியரேரேயைப் புனிதராக்குவதற்கான விசாரணையை அவருடைய சொந்தப் பகுதியான முசோமா மறைமாவட்டம் 2005-இல் தொடங்கிற்று. பொருளாதாரத்தில் தோற்றவர் புனிதராகலாகாது என்று எந்தச் சமயமும் சொன்னதில்லை. ஆனால் அவருடைய ஏழ்மையையும் நேர்மையையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளும் அந்த விசாரணை, எரிந்த குடிசைக்குச் சொந்தக்காரனையும் அழைத்து உட்காரவைத்து, பக்கத்தில் வந்த பள்ளியில் அவன் பேரப்பிள்ளை எழுதப் படித்ததையும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டும்; அவ்விரண்டில் ஒன்றைத் தள்ளிவைத்து எழுதப்படும் தீர்ப்பு, புனிதரைப் பற்றியதானாலும் தேசத்தைப் பற்றியதானாலும், எனக்குச் சம்மதமில்லை.