விதானத்தில் தீட்டிய இறையுரிமை

இலண்டனில் ஒயிட்ஹால் அரண்மனை என்று பரந்து கிடந்த கட்டடத் தொகுதியை 1698ஆம் ஆண்டின் தீ அழித்தபோது, பெரிய சேதமின்றித் தப்பியது 'பேங்க்வெட்டிங் ஹவுஸ்' எனப்படும் விருந்து மண்டபமே ஆகும். இனிகோ ஜோன்ஸ் வடிவமைத்து 1622இல் கட்டி முடிக்கப்பட்ட இம்மண்டபத்தின் விதானத்தில் ரூபன்ஸ் தீட்டிய ஒன்பது ஓவியங்கள் 1636இல் பதிக்கப்பட்டன. அவற்றுள் நடுவிலுள்ள நீள்வட்ட ஓவியத்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் விண்ணுலகுக்கு உயர்த்தப்படுகிறார். தந்தையை இவ்வாறு தீட்டச் செய்த முதலாம் சார்லஸ், தீவட்டிப் புகை ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி, அரசவைக் கூத்துகளை அம்மண்டபத்தில் நடத்துவதையே நிறுத்திவிட்டார்.

அந்த ஓவியம் உரைக்கும் கோட்பாடு 'அரசரின் இறையுரிமை' எனப்படுவது. அதாவது, ஆளும் அதிகாரம் மக்கள் வழியாகவோ மதகுருக்கள் வழியாகவோ அன்றிக் கடவுளிடமிருந்து நேரே அரசருக்கு வருகிறது, ஆகவே அவர் கடவுளுக்கு மட்டுமே கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது. இதை வெறும் ஆணவம் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் நியாயமாகாது. 1570இல் போப் ஐந்தாம் பயஸ், எலிசபெத் அரசியைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று அறிவித்திருந்த நிலையில், அரசருக்கும் கடவுளுக்கும் இடையே எவரும் நிற்க முடியாது என்று ஜேம்ஸ் 1598இலேயே நூலெழுதி வாதிட்டதில் அயலதிகாரத்தைத் தடுக்கும் நோக்கமும் கலந்திருந்தது.

இதே காலத்து ஆங்கிலச் சட்டவாணர்கள் வேறொரு கருத்தையும் வளர்த்திருந்தனர். அரசருக்கு நோயும் மூப்பும் உடைய இயற்கையுடல் ஒன்றும், சாவில்லாத அரசியலுடல் ஒன்றும் உண்டு என்ற அக்கருத்து அரசரை உயர்த்தவே பிறந்தது. எனினும் இரண்டாகப் பகுத்ததில் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரிக்கவும் முடியும் என்பதை 1642இல் நாடாளுமன்றம் கண்டுகொண்டு, அரசரின் பெயராலேயே அரசருக்கு எதிராகப் படை திரட்டியது.

1649 ஜனவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணைக்கு நிறுத்தப்பட்ட சார்லஸ், எந்த அதிகாரத்தால் தம்மை விசாரிக்கிறார்கள் என்று கேட்டு, குற்றச்சாட்டுக்குப் பதிலளிக்க மறுத்தார். அவருடைய ஆட்சியைப் பற்றி எவ்வளவு குறை கூறினாலும் அந்தக் கேள்வி சரியானதே: பிரபுக்கள் அவை விசாரணைக்கு இசையவில்லை, மக்களவையிலோ படையினர் வடிகட்டி விட்டுவைத்தவர்களே எஞ்சியிருந்தனர். அம்மக்களவை ஜனவரி 4ஆம் நாள் நிறைவேற்றியிருந்த தீர்மானம், கடவுளுக்குக் கீழே எல்லா நேரிய அதிகாரத்துக்கும் மூலம் மக்களே என்றது. அரசரை அகற்ற முனைந்தவர்களாலும் 'கடவுளுக்குக் கீழே' என்ற தொடரை அகற்ற இயலவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஜனவரி 30ஆம் நாள், தந்தை விண்ணேறும் ஓவியத்தின் கீழாக நடத்திச் செல்லப்பட்ட சார்லஸ், சாளர வழியொன்றில் வெளியேறி, மண்டபத்தின் முன்னே எழுப்பிய மேடையில் தலை துண்டிக்கப்பட்டார்.

நிகழ்வதெல்லாம் கடவுளின் திருவுளப்படியே நிகழ்கிறது என்று இரு தரப்பினரும் நம்பினர். போர்க்களத்தில் பெற்ற வெற்றியை அவருடைய தீர்ப்பாகவே நாடாளுமன்றப் படைத்தலைவர் கிராம்வெல் கண்டார். அவ்வாறாயின் முடி சூடியதும் கோடரி விழுந்ததும் ஒரே உள்ளத்தின் செயல்களாகின்றன. 1660இல் சார்லஸின் மகன் அரியணை ஏறியதும் அதே உள்ளத்தின் செயலாகிறது. நடந்து முடிந்த எதையும் நியாயப்படுத்தக் கூடிய இவ்வாதம், நடக்கவேண்டியது எது என்று கேட்பவருக்கு விடையேதும் தருவதில்லை. இறையுரிமைக் கோட்பாட்டின் மெய்யான பலவீனம் இங்குதான் உள்ளது. கடவுளை அது அழைத்தது என்பதில் அன்று, அவர் தேர்ந்தது யாரை என்று அறிவதற்கு வெற்றியைத் தவிர வேறு அடையாளத்தை அதனால் காட்ட முடியவில்லை என்பதில்.

பின்னர், நாட்டைவிட்டுத் தப்பியோடிய மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் இடத்துக்கு வில்லியமும் மேரியும் அழைக்கப்பட்டபோது, 1689 பிப்ரவரி 13ஆம் நாள் இதே மண்டபத்தில், இதே விதானத்தின் கீழ், உரிமைகளின் அறிக்கை படிக்கப்பட்டு, அதனுடன் மணிமுடியும் அவர்களுக்கு அளிக்கப்பட்டது. ஆனால் பழைய நம்பிக்கை அத்துடன் விடைபெறவில்லை: முடியாட்சி மீண்டபின் சார்லஸைத் தியாகியாகப் போற்றி ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு நூலில் சேர்த்த ஜனவரி 30ஆம் நாளின் நோன்பு வழிபாடு, நாடாளுமன்றத்தின் சட்டப்படி மட்டுமே அரசர்கள் ஆண்டு வந்த காலத்திலும் நீடித்து, 1859இல்தான் நீக்கப்பட்டது.