தொண்டும் ஊதியமும்

ஆசிரியத் தொழிலைப் புனிதமானதென்று போற்றாதார் நம் நாட்டில் இல்லை. ஆயின் அவ்வாசிரியர் சம்பள உயர்வு கேட்டு வீதியில் இறங்கும்போது, போற்றியவருட் பலர் முகஞ்சுளிக்கின்றனர். கல்வியைக் காசுக்கு விலைபேசலாமோ என வினவுகின்றனர். அம்முகச்சுளிப்பு அறவுணர்விலிருந்து எழுகின்றதா, அன்றிக் கொடுக்க வேண்டியதைக் கொடாமைக்கு அறம் ஒரு போர்வையாகின்றதா? பாடசாலை ஊழியரின் ஊதியத்தைச் சட்டத்தின் மூலம் உயர்த்துவது கருணையா, கடனா? இவ்வினாவே ஈண்டு ஆராயப்படுகின்றது.

தொண்டு என்பது செய்பவர் மனமுவந்து ஈவது. தம் உழைப்புக்குத் தொண்டு என்று பெயரிடும் உரிமை உழைப்பவருக்கே உண்டு. உழைப்பைப் பெறுபவர் அப்பெயரைச் சூட்டி, அதனையே காரணங்காட்டி ஊதியத்தைக் குறைப்பாராயின், அது தொண்டாகாது, குறைகூலியே ஆகும். ஏழை நோயாளியிடம் கட்டணம் வாங்காத மருத்துவரை நாம் மெச்சுகின்றோம். வசதி படைத்த நோயாளியொருவர், மருத்துவம் புனிதத் தொழிலன்றோ என்று கூறிக் கட்டணம் செலுத்தாது சென்றால் அவரை மெச்சுவோமா? தியாகம் அளிக்கப்படலாம், அறவிடப்படலாகாது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. வடக்குக் கிழக்கு மாகாணங்களிலே தொண்டர் ஆசிரியர் என்ற பெயரில், ஒழுங்கான சம்பளமின்றி, நிரந்தர நியமனம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஆண்டுக்கணக்காகக் கற்பித்தோர் பலர். மலையகத்துப் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு நியமிக்கப்பட்ட ஆசிரிய உதவியாளருக்கு முதலில் மாதம் 6,000 ரூபாவும் பின்னர் 10,000 ரூபாவுமே கொடுப்பனவாகக் கிடைத்தன. வகுப்பறையில் அவர்கள் ஆற்றியது ஆசிரியப் பணியே. உதவியாளர் என்ற சொல் சம்பளப் பட்டியலில் மட்டுமே பொருள் பெற்றது.

பண்டைய குருகுலத்தில் ஊதியம் ஏது என்பாரும் உளர். ஆசிரியருக்கு உற்ற வேளையில் துணைநின்றும் மிகுந்த பொருள் வழங்கியும் கற்றல் நன்று என்பது புறநானூற்றிலே பாண்டிய மன்னனொருவன் கூறும் கருத்தாகும். கல்விக்குப் பொருள் கொடுப்பதை இழிவென அவன் எண்ணவில்லை. அன்று மாணவர் செலுத்திய அக்கடனை, 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின் அரசு தன் தோள்மேல் ஏற்றது. இலவசம் என்பது கற்பவருக்கே. கற்பிப்பவரின் உழைப்பும் இலவசம் என்பது அதன் பொருளன்று.

அக்கடன் எவ்வாறு தீர்க்கப்பட்டு வருகின்றது? இருபத்துநான்கு ஆண்டுகளாக நீடிப்பதாகத் தொழிற்சங்கங்கள் சுட்டிய சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி, 2021 யூலை 12 ஆம் திகதி ஆசிரியர் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகினர். மூன்று மாதத்துக்கு மேலாக அப்போராட்டம் நீடித்தது. 2022 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென 30,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. ஆயினும் கோரிக்கையின் ஒரு பகுதியே நிறைவேறியது. அதையும் அவ்வாண்டின் விலையேற்றம் விழுங்கிற்று. 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. எஞ்சிய பகுதியைக் கோரி 2024 யூன் 26 இல் ஆசிரியர் மீண்டும் சுகயீன விடுமுறைப் போராட்டத்தில் இறங்க நேர்ந்தது.

இங்கு ஒரு வலுவான தடை எழுகின்றது. கடன்பட்டது அரசு, தண்டனை அனுபவித்தது பிள்ளை. 2021 இல் பணமுள்ள வீட்டுப் பிள்ளை தனியார் வகுப்பில் கற்றது. ஏழைப் பிள்ளைக்கு அவ்வழி இல்லை. இதனை மறைத்துவிட்டு ஆசிரியரின் நியாயத்தைப் பேசுதல் நேர்மையாகாது. கடன் கேட்கும் உரிமை உடையவருக்கும் கேட்கும் முறையில் ஒரு பொறுப்பு உண்டு. 2018 இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில் 55 மாவட்டங்களிலும் ஆசிரியரோடு பாடசாலைப் பேருந்துச் சாரதிகளும் சமையற்காரரும் பணிநிறுத்தம் செய்தனர். பாடசாலை உணவை நம்பியிருந்த பிள்ளைகள் பட்டினி கிடவாதிருக்க அவர்கள் உணவுப் பொதி கட்டி வழங்கினர். ஒன்பது பாடசாலை நாட்களின் பின், ஆசிரியருக்கு மட்டுமன்றி மாநில அரசு ஊழியர் யாவருக்கும் 5 வீத உயர்வு சட்டமாயிற்று. பிள்ளையை மறவாமையும் கடைநிலை ஊழியரைக் கைவிடாமையும் அப்போராட்டத்தின் அறவலிமை எனலாம்.

மற்றொரு தடை: வரி செலுத்துபவர் யார்? அரிசியும் மாவும் வாங்கும் ஏழையும் வரி செலுத்துகின்றார். அவர் தலையில் ஆசிரியரின் சம்பளத்தை ஏற்றலாமா? ஆனால், அரசு கொடாத சம்பளம் எவராலும் செலுத்தப்படாமற் போவதில்லை. சம்பளம் போதாத ஆசிரியர் மாலையில் ரியூட்டரிக்குச் செல்கின்றார். பெற்றோர் அங்கே பணம் செலுத்துகின்றனர். வரியாயின் இயன்றவரிடம் மிகுதியாக வாங்க வழியுண்டு. ரியூட்டரிக் கட்டணத்துக்கோ அவ்விரக்கம் இல்லை. இவ்வாறு இலவசக் கல்வி காலையில் பெயரளவில் நிகழ, மாலையில் அதன் விலை அறவிடப்படுகின்றது.

ஆகவே ஊதிய உயர்வைச் சட்டமாக்க வேண்டும் என்பதன் பொருள் ஒரு தொகையை எழுதிவைப்பதன்று. 2025 வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக்குறைந்த மாத அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டங்கட்டமாக உயர்த்த முன்வந்தமை வரவேற்கத்தக்கதே. எனினும் ஆண்டுதோறும் மாறும் அறிவிப்பு, கொடுப்பவரின் மனநிலையைச் சார்ந்தது. விலைவாசியோடு இணைத்து, வாயிற்காவலாளி முதல் அதிபர் வரை யாவரையும் உள்ளடக்கிச் சட்டம் இயற்றப்பட்டால், பெறுபவர் கைநீட்டி நிற்க வேண்டியதில்லை.

கலைப்பீடத்தில் இதனை வாசிப்போருட் பலர் நாளை ஆசிரியராவர். எனவே நமது வாதத்திலே தன்னலம் கலந்திருப்பதாக ஒருவர் ஐயுறலாம், அவ்வையம் நியாயமானதே. அதற்கு நாம் கூறத்தக்க மறுமொழி ஒன்றே. உரிய ஊதியம் பெற்ற பின்னும் பாடவேளையை வீணாக்கி, மாலை வகுப்புக்குப் பிள்ளைகளை வரவழைப்போமாயின், கடனாளி அரசன்று, நாமே.